என்னிடம் இல்லை என்று நான் சொன்ன சாவி

என் மனைவி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். நடுவில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். அந்தக் கால் மணி நேரம்தான் அவர்களுக்குப் பகலில் உட்காரக் கிடைக்கிற நேரம். உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அழுகையும் வரும். என் மனைவி குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

முதலில் கேட்பது மட்டும்தான். பிறகு யாரோ ஒருத்தி, “இத எங்கயாவது எழுதி வைங்க டீச்சர், நான் செத்துப்போனாலும் இருக்கட்டும்” என்று சொன்னாளாம். அன்றைக்குக் கடையில் கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தாள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன், வயிற்றுப் பிள்ளையோடு செங்குத்தான மலைக்கு அனுப்பப்பட்டவள், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது காதில் விழுந்த அசிங்கமான வார்த்தை. யார், எப்போது, எந்த மலை என்று எல்லாம் அதில் இருந்தது. தேவைப்பட்டபோது அதை வைத்துக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுப்பாள். சிலர் கடிதம் கேட்கவே இல்லை. எழுதி வைத்தால் போதும் என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது, கொப்பியை வைத்துப் பூட்டுகிற அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே கொப்பி இல்லை. இரண்டு வாரம் கழித்து, அந்த அறையில் மட்டும் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே யாரோ திருப்பிச் சொன்னார்கள். காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் நிற்கும்போது. அந்தப் பெண் அதற்குப் பிறகு என் மனைவியிடம் குழந்தையைக் கொடுப்பாள், வாங்குவாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் கொட்டகலைக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை எனக்கு. கொழும்பில் சில வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். ஒருவர் திருத்தக் கொடுத்துவிட்டு, புதிதாகவே வாங்கிவிட்டேன், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போன பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. வயசான மெஷின், பாரம் தாங்காது. லினக்ஸ் போட்டால் ஓடும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனிமேல் கொப்பி வேண்டாம், எல்லாவற்றையும் இதில் வை, பூட்டித் தருகிறேன் என்றேன். எப்படிப் பூட்டுவீர்கள் என்று கேட்டாள். சும்மா பாஸ்வேர்ட் போடுவதுதானே, அது போதாதா என்றும் கேட்டாள். போதாது. உள்ளே நுழையும்போது கேட்கிற பாஸ்வேர்ட் வாசல்காரன் மாதிரி. மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், டிஸ்கை மட்டும் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினால் வாசல்காரனுக்கு அங்கே வேலையே இல்லை. எல்லாம் திறந்த புத்தகமாகக் கிடக்கும். கொழும்பில் நானே எத்தனையோ பேருக்கு அப்படிக் கழற்றி மாட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கு அதை விளக்கிச் சொன்ன பகல் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. வெளியே பனி இறங்கிக் கண்ணாடி வெளுத்திருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுத்தையே யாருக்கும் புரியாத மாதிரி மாற்றி எழுதி வைக்க வேண்டும், சாவி தெரிந்தவருக்கு மட்டும் அது மறுபடி எழுத்தாகும் என்றேன். அதைப் பல விதமாகச் செய்யலாம். முக்கியமான கோப்புகளை மட்டும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டலாம். அவளுடைய அறையை, அதாவது அவள் பெயரில் இருக்கிற இடத்தை மட்டும் பூட்டலாம். ஆனால் மெஷின் வேலை செய்யும்போது அங்கங்கே தாளைச் சிந்திக்கொண்டே போகும். பெட்டிக்குள் இருப்பதன் துண்டு துணுக்கு வெளியே கிடக்கும். அதனால் வீடு முழுவதையும், அதாவது டிஸ்க் முழுவதையும் பூட்டுவதுதான் நல்லது என்றேன். மெஷினைப் போட்டவுடன், வேறு எதுவும் வருவதற்கு முன்னால் சாவி கேட்கும். சொல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

சாவியை எங்கே வைப்பது என்றும் பேசினோம். புது மெஷின்களில் அதற்கென்றே உள்ளே ஒரு சில்லு இருக்கிறது, சாவியை அதுவே வைத்துக்கொள்ளும். நம் மெஷினில் அது இல்லை, இருந்தாலும் மெஷினையே தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். பென்டிரைவில் வைத்து, அதைக் குத்தினால்தான் திறக்கும் என்றும் செய்யலாம். அவள் வேண்டாம் என்றாள். அலமாரிப் பூட்டின் சாவியும் அவள் இடுப்பில்தானே இருந்தது.

“மனசுல இருக்கறது மட்டும் போதும். அத யாரும் எடுக்க முடியாதுல்ல” என்றாள்.

முடியாது என்று நானும் சொன்னேன்.

இந்த முறையில் ஒரு பூட்டுக்குப் பல சாவித் துளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்ட் வைக்கலாம். எது போட்டாலும் திறக்கும். நான் நிறுவும்போது முதல் துளையில் என்னுடையது இருந்தது. இரண்டாவதில் அவளுடையதை அவளே தட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். நீளமாகத்தான் இருந்தது. கீபோர்டின் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அந்தப் பூட்டின் தலைப்பகுதியை, அதாவது சாவித் துளைகள் இருக்கிற இடத்தை, ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்தேன். அந்த இடம் கெட்டுப்போனால் எந்தச் சாவியும் வேலை செய்யாது என்பதால் தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள்.

அவள் வேலை அதன் பிறகு வேகமாக நடந்தது. பெண்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்வாள், வீட்டுக்கு வந்து மெஷினில் ஏற்றுவாள், போனில் இருந்து அழித்துவிடுவாள். கடிதங்களையும் மெஷினிலேயே தட்டி வைப்பாள். எந்தக் கோப்பிலும் சொன்ன பெண்ணின் பெயர் கிடையாது. அந்தப் பெண்ணின் குழந்தை படுக்கிற தொட்டிலின் நம்பர் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். என் சாவியைப் போட்டுத் திறந்தேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு கோப்பைத் திறந்து படித்தேன். ஏன் படித்தேன் என்று இன்றுவரை என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. இருந்தது, படித்தேன், அவ்வளவுதான். அது ஒரு பெண் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். அதில் அந்தப் பெண் ஒரு கண்டாக்கையாவைப் பற்றிப் பெயரோடு சொல்லியிருந்தாள். மலையில் மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர் அவர். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு அவளை மட்டும் நிறுத்திவைப்பார் என்றும், நின்றால் என்ன நடக்கும், நிற்காவிட்டால் மறுநாள் எந்த மலைக்கு அனுப்புவார் என்றும் இருந்தது. அந்தக் கண்டாக்கு என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். என் அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவன்.

மத்தியானம் சாப்பிடும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவன் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல. சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும்” என்றேன்.

“யாரு?” என்றாள்.

நான் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

“நீங்க படிச்சீங்களா?”

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனாள். மறுநாள் காலையில், வேலைக்குப் போகக் குடையை எடுக்கும்போது, உங்கள் சாவியை எடுத்துவிடுங்கள் என்றாள். நீ மறந்துவிட்டால் என்ன செய்வாய், யாராலும் திறக்க முடியாதே என்றேன்.

“மறந்தா போகட்டும். அவங்க எனக்குத்தான் சொன்னாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லல.”

அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என் துளையை அழித்தேன். என் பாஸ்வேர்டைப் போட்டுக் காட்டினேன். திறக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்ப ஒங்ககிட்ட வேற வழி ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல” என்றேன்.

பொய். பூட்டின் தலைப்பகுதியை நகல் எடுத்து வைத்திருந்தேனே, அதில் என் துளை அப்படியேதான் இருந்தது. மெஷினில் அழித்தாலும் நகலில் அழியாது. அந்த நகலை வைத்து, என் பழைய பாஸ்வேர்டைப் போட்டால் கதவு திறக்கும். நாளைக்கு அவள் புதிதாக வைக்கிற கோப்பும் சேர்ந்தே திறக்கும். இது தெரியாதவன் இல்லை நான். சொல்லும்போதே பென்டிரைவ் கடை மேசை லாச்சியில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவள் நல்லதுக்குத்தான், பாதுகாப்புக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ரோஷம். பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு நான் வெளியாள் ஆகிவிட்டேனா என்கிற ரோஷம். திறக்கவும் இல்லை, எறியவும் இல்லை. வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அதையும் சொல்ல வேண்டும்.

மாசி மாதம் ஒரு காலையில், பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்கும்போது அவள் கை தளர்ந்திருக்கிறது. குழந்தையை மறுபடி தொட்டிலில் விட்டுவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். பால் கொடுக்க வந்த பெண்கள் கம்பளியில் கிடத்தி ரோட்டுவரை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். வந்த சத்தம் சொல்லாக இல்லை.

மூளையில் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது அவளுக்கு விளங்கும், அவள் நினைப்பது சொல்லாக வெளியே வராது என்று டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். சில மாதத்தில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. “இல்ல.” தண்ணீர் வேண்டுமா என்றாலும் “இல்ல”, வேண்டாமா என்றாலும் “இல்ல.” அது அவள் நினைத்துச் சொல்வது இல்லை, அந்த ஒரு சொல்தான் வாயில் தங்கியிருக்கிறது, கையைப் பாருங்கள் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். அது சரிதான். வேண்டியதை இடது கையால் தன் பக்கம் இழுப்பாள். வேண்டாததைத் தள்ளுவாள். வாய் இரண்டுக்கும் “இல்ல” என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் கடையைப் பாதி நாள் திறந்தேன். குளிப்பாட்டவும் சோறூட்டவும் கற்றுக்கொண்டேன். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வீட்டின் அமைதி. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் சமையல்கட்டில் இருந்து ஏதாவது ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும். அடுப்பைப் பாருங்க, மழை வருது துணிய எடுங்க. அவள் குரல் எப்படி இருந்தது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. போனில் தேடினேன். எங்களுக்குப் போனில் குரல் அனுப்புகிற பழக்கம் இல்லை, ஒன்றுகூட இல்லை. அவளுடைய குரல் இருக்கிற ஒரே இடம் அந்த மேசைக்குக் கீழே, மெஷினுக்குள்ளே. ஒவ்வொரு பதிவிலும் கேள்வி கேட்டிருப்பாள்.

பென்டிரைவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. திறக்கவில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. பயம்தான். திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் அவளுக்கு எப்படிச் சோறூட்டுவது?

அவள் விழுந்து ஒரு வருஷம் இருக்கும், ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். முப்பது வயசு இருக்கும். வேலை விட்டு நேரே வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தவுடன் ஓடிப்போய்க் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவள்தான் நான் படித்த அந்தக் கடிதத்தின் பெண். வேறு இரண்டு பேர் துணிந்து எழுதிப் போட்டதில் கண்டாக்குமேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை, இப்போது ஜோடித்துச் சொல்கிறாயா என்று கேட்கிறார்களாம்.

“அப்பவே டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன் அண்ணே. அந்தக் கடுதாசிக்குப் பொறகு இன்னொரு வாட்டி நான் பேசுனதும் அதுல இருக்கு. அது மட்டும் இருந்தா போதும்” என்றாள்.

மெஷினைப் போட்டோம். கறுப்புத் திரையில் சாவி கேட்டது. என் மனைவியை நாற்காலியோடு மேசைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இடது கையைக் கீபோர்டில் வைத்தாள். நானும் அந்தப் பெண்ணும் திரும்பிக்கொண்டோம். ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. பிறகு விசை ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கிறாள் போல, மெஷினின் பீப் சத்தம் நிற்கவே இல்லை. தவறு என்றது. மறுபடி. தவறு. ஒவ்வொரு தடவையும் அந்த மெஷின் சில நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். யாரும் சும்மா சும்மா போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி மெதுவாகச் செய்திருக்கிறார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் தலையை மேசையில் வைத்துவிட்டாள். “இல்ல, இல்ல, இல்ல” என்று மேசையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணை இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன்.

மறுநாள் பகலில் பென்டிரைவைக் கொண்டுவந்து என் மனைவிக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இதுல என்னோட பழைய சாவி இருக்கு. அன்னைக்கு வேற வழி இல்லன்னு சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் பென்டிரைவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். முகத்தின் ஒரு பக்கம்தான் அசையும். அந்த ஒரு பக்கத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. வாயைத் திறந்தாள். அவளுக்கு என்னைத் திட்ட எத்தனையோ வார்த்தை தேவைப்பட்டிருக்கும். “இல்ல” என்றாள். மறுபடி அதையே சொன்னாள். அதற்குமேல் முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கும் அடுத்த நாளும் என் கையால் சாப்பிடவில்லை, கரண்டியைத் தள்ளினாள். பக்கத்து வீட்டு அக்காதான் வந்து ஊட்டினார்.

அவள் பேசக்கூடியவளாக இருந்து என்னைக் கிழித்துப் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தச் சண்டையைச் சேர்ந்து போட எனக்கு ஆள் இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். பென்டிரைவ் மேசையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் அவளிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். திறக்க வழி இருக்கிறது, அது நியாயமாக வந்த வழி இல்லை, டீச்சர் சம்மதித்தால்தான் தொடுவேன் என்றேன். என் மனைவி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி பென்டிரைவைத் தன் பக்கம் இழுத்தாள். எடுத்தாள். என் கையில் தரவில்லை, அந்தப் பெண்ணின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

அந்தப் பெண் என்னிடம் நீட்டினாள். “டீச்சர் குடுத்துட்டாங்க அண்ணே. தொறங்க.”

என் பழைய பாஸ்வேர்ட் எனக்கு மறக்கவே இல்லை. பூட்டு திறந்தது. கோப்புகளின் வரிசை வந்ததும் திரையை என் மனைவியின் பக்கம் திருப்பிவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். தொட்டில் நான்கு. நான் வெளியே போகிறேன் என்று எழுந்தேன்.

“நீங்க இருங்க அண்ணே. நீங்க கேக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

முதலில் ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு என் மனைவியின் குரல். “சொல்லுங்க. அவசரமில்ல, புள்ள குடிச்சு முடிக்கட்டும்.”

ஒரு வருஷமாக நான் தேடிய குரல். நினைத்ததைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. என் மனைவி அதைக் கேட்டவுடன் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத என்னிடம் சொல் இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது அவளுக்கு என்னவாக இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நிறுத்தினேன். அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி காதில் இருந்து கையை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டினாள்.

முழுவதையும் கேட்டோம். என் நண்பன் என்ன செய்தான் என்று அந்தப் பெண் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. சொல்லும்போது நடுவில் ஒரு இடத்தில் அவள் நிறுத்துகிறாள். ஒங்க வீட்டுக்காரரு அவருக்குக் கூட்டாளியாச்சே டீச்சர் என்கிறாள். அதற்கு என் மனைவி, தெளிவாக, கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறாள்:

“அவருக்கும் இதத் தொறக்க முடியாது. அவரே என் முன்னால அழிச்சிட்டாரு. பயப்படாம சொல்லுங்க.”

மூன்று பேரும் அதைக் கேட்டோம். நான் அந்தக் கோப்பை மட்டும் ஒரு சீடியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, பின்பக்கம் போய் நின்றேன்.

விசாரணையில் அந்தப் பதிவைக் கேட்டார்கள். ஜோடித்தது என்ற பேச்சு நின்றது. கண்டாக்கை வேலையில் இருந்து நீக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் மறுபடி அதே மலையில் கொழுந்தெடுக்கிறாள். போவதற்கு முன் அவன் ஒருநாள் கடைப் படியேறி வந்தான். நீயுமாடா என்று கேட்டான். நான் கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டேன், எல்லாத்தையும் என் காதால கேட்டேன் என்றேன். அவன் உட்காராமலே திரும்பிப்போனான்.

பூட்டைத் திறக்க வழி உண்டு என்று மற்றப் பெண்களுக்கு அந்தப் பெண்ணே சொல்லி அனுப்பினாள். ஒவ்வொருத்தராக வந்தார்கள். திறந்து கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். எந்த விசையை அழுத்த வேண்டும் என்று முதல் பெண் பார்த்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சிலர் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் அழித்துவிடச் சொன்னார்கள். சிலர் வரவே இல்லை.

கடைசியில் நான் மனைவியிடம் கேட்டேன், இனி இந்த டிஸ்கை என்ன செய்வது என்று. அவள் கையால் துடைப்பது மாதிரி மேசையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேய்த்துக் காட்டினாள். எல்லாவற்றையுமா என்றேன். மறுபடி தேய்த்தாள். அவள் குரலை மட்டும், ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் முடிந்திருக்கும், ஒரு நிமிஷ வேலை. அதையும் செய்யவில்லை.

எல்லாச் சாவித் துளைகளையும் ஒரே கட்டளையில் அழிக்கலாம். அழித்தால் உள்ளே இருப்பது இருந்தும் இல்லாததாகிவிடும். உறுதியா, உறுதி என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆம் என்று தட்டு என்று கேட்கும். மூன்றே எழுத்து. நான் தட்டினேன். கடைசி விசையை அவள் அழுத்தினாள். பிறகு பென்டிரைவைக் கடைத்தெருவில் நானாவின் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலை இரவல் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டார். பழுதான சாமான், உடைக்க வேண்டும் என்றேன். தூளாகும்வரை அடித்து, அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து அவளிடம் கொண்டுவந்து காட்டினேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

“என் மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள்.

கையைப் பார்த்தேன். மடியில் அசையாமல் கிடந்தது. இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

இப்போது என் கையால் சாப்பிடுகிறாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வெயில் வருகிற இடத்தில் விட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் டிஸ்கைப் பூட்டித் தரச் சொன்னால் பூட்டித் தருகிறேன். நகல் எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், என்னிடம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வருகிறார்கள். முதலில் அந்த ஒருத்திதான் வந்தாள். இப்போது இரண்டு மூன்று பேர், சில வாரம் கைக்குழந்தையோடு. என் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவள் இடது கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டு கேட்பாள். எழுத்து இல்லை, பதிவு இல்லை. நடுவில் “இல்ல, இல்ல” என்பாள், அவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு அது என்னவோ விளங்குகிறது.

நான் தேத்தண்ணி கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடக்கிறேன். பஸ் ஒன்று ஹட்டன் பக்கம் போகும், இன்னொன்று வரும். அவர்கள் எழுந்து வெளியே வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.